அரசனை வீழ்த்துவது விதியா?

அரசன் ஒருவன் உயர்ந்தால் அது அவன் பிறந்த நட்சத்திரத்தின் பலன் என்றும், அவன் வீழ்ந்தால் அது அவன் தலையெழுத்து என்றும் சொல்லிவிட்டுப் போவது நமது மக்களுக்கு வெகுநாளையப் பழக்கமாக இருந்து வருகிறது. உயரும் காலத்தில் அவன் யார் யாரை மிதித்துக்கொண்டு உயர்ந்தான் என்றாவது, வீழும் காலத்தில் யார் யாரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வீழ்ந்தான் என்றாவது கேட்பவர்கள் வெகு சிலரே. நாடகக் கொட்டகையில் மாத்திரமல்ல, சரித்திரப் புத்தகத்திலும் திண்ணைப் பேச்சிலுங்கூட இதே சங்கதிதான். ராஜபாளையத்து டீக்கடையிலாகட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலாகட்டும், ஒரு பெரிய மனிதர் பதவி இழந்த செய்தியைப் பற்றி நடக்கும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், "அவருக்குச் சனி பிடித்துவிட்டது" என்ற ஒரே வார்த்தையில் அது முடிந்துவிடுவதைக் காணலாம். சனி பிடித்துவிட்டதென்றால் அப்புறம் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? யோசனைக்கு வேலையில்லாமல் செய்வதற்காகத்தானே அந்தச் சனியையே கண்டுபிடித்தார்கள்!

ஆகவே, அரசர்களின் பேராசையையும் வீழ்ச்சியையும் பற்றி உலகத்திலேயே மிகவும் பேர்போன ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதில் விதி எவ்வளவு, மனிதன் எவ்வளவு என்று கொஞ்சம் பரிசீலனை செய்து பார்க்கலாமென்று இருக்கிறோம். அது இங்கிலாந்தில் சுமார் 1606-ல் ஷேக்ஸ்பியர் எழுதிய மாக்பெத் என்னும் நாடகம். நம் நாட்டு மேடைக்கு இது புதிய சரக்கல்ல. சென்னையில் 1891-ல் சுகுண விலாச சபையை ஏற்படுத்திய பம்மல் சம்பந்த முதலியார் அவர்கள் இதை "மகபதி" என்ற பேரில் தமிழ்ப்படுத்தி வெகு காலமாகிறது.

கதைச் சுருக்கம் இதுதான். ஸ்காட்லாந்து தேசத்துத் தளபதி மாக்பெத் யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பி வருகிறான். வழியில் ஒரு பொட்டலில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, நீ காடார் என்ற ஊருக்குப் பிரபுவாவாய், பிறகு அரசனாவாய் என்று ஆரூடம் சொல்லுகிறார்கள். கூட வந்த தோழன் பாங்க்கோவைப் பார்த்து, நீ அரசனாக மாட்டாய், உன் சந்ததியார் அரசராவார்கள் என்கிறார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் அரண்மனை ஆள் வந்து, காடார் பிரபுப் பட்டம் உமக்குக் கிடைத்துவிட்டது என்கிறான். மாக்பெத் மதி மயங்குகிறான். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தூங்கிக் கொண்டிருந்த டங்கன் ராஜாவைக் கத்தியால் குத்திக் கொன்று பட்டத்துக்கு வருகிறான். வந்த பிறகு பயம் பிடிக்கிறது. பாங்க்கோவைக் கொல்லச் செய்கிறான். மாக்டப் என்ற பிரபு ஓடிப்போனதும், அவன் வீட்டில் இருந்த பெண்சாதி பிள்ளைகளைக் கொல்லச் செய்கிறான். கடைசியில் அந்த மாக்டப்பின் கையால் தானும் சாகிறான்.

இதைப் படித்தவர்களிலும் பார்த்தவர்களிலும் பலர், "பார்த்தீரா, ஆரூடம் எழுத்துக்கு எழுத்துப் பலித்துவிட்டது" என்கிறார்கள். பலித்தது என்பது வாஸ்தவந்தானா என்று பார்ப்போம்.

முதலாவது, காடார் பட்டத்தை மாக்பெத்துக்குக் கொடுக்கும்படி ராஜா உத்தரவு போடுவது நாடகத்தில் முந்திய காட்சியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கொட்டகையில் இருக்கும் அத்தனை பேரும் அதைக் காதால் கேட்டாய்விட்டது. அதற்குப் பிறகுதான் சூனியக்காரிகள் வந்து "பிரபுவாவாய்" என்கிறார்கள். நடந்து முடிந்த காரியத்தை நடக்கப் போவதாகச் சொல்லுவதற்குப் பேர் ஆரூடமா? நமது ஊர்களுக்கு வரும் குடுகுடுப்பைக்காரன் முதல் நாளே தெருக்கோடியில் விசாரித்துக்கொண்டு, மறுநாள் காலை வாசலில் நின்று, "இந்த வீட்டிலே ஒரு பெரிய உசிரு போயிருக்கு தாயே" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேட்பவனுக்குச் செய்தி புதியது, சொல்லுகிறவனுக்குப் பழையது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பாங்க்கோவும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே வாயிலிருந்து ஆரூடம் கேட்டவன். அவன் சந்ததிக்கு ராஜ்யம் என்றார்கள். அவன் எந்த ராஜாவையாவது குத்தினானா? யார் வீட்டுப் பிள்ளையையாவது அறுத்தானா? இல்லை. ஒரே சொல்லைக் கேட்ட இருவரில் ஒருவன் கத்தியை எடுத்தான், மற்றவன் எடுக்கவில்லை என்றால், கத்தியை எடுக்கச் செய்தது அந்தச் சொல் அல்ல என்பது விளங்கவில்லையா?

மூன்றாவது, கொலைக்கு முன்னால் மாக்பெத் தனியே நின்று யோசிக்கிறான். இவர் நமக்கு உறவினர், நமது அரசர், நம் வீட்டு விருந்தாளி, நல்லவர் என்று கொல்லக் கூடாததற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். கொல்லுவதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை, தன் பேராசை ஒன்றைத் தவிர. விதி இழுத்துக்கொண்டு போகிறவன் இப்படிக் கணக்குப் பார்ப்பானா? தெரிந்தே செய்தவனை, தெரியாமல் இழுபட்டவன் என்று சொல்லுவது யாருக்குச் செய்யும் உபகாரம்?

நான்காவது, பட்டத்துக்கு வந்த பிறகு அவன் மறுபடியும் அந்தச் சூனியக்காரிகளைத் தேடிக்கொண்டு போகிறான். பெண் வயிற்றில் பிறந்தவன் எவனும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது என்றும், பெர்னாம் காடு நடந்து டன்சினேன் மலைக்கு வரும் வரையில் உனக்குத் தோல்வியில்லை என்றும் சொல்லுகிறார்கள். முடிவில், எதிரிப் பட்டாளத்தார் பெர்னாம் காட்டு மரக்கிளைகளை வெட்டி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். மாக்டப் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட பிள்ளையாம். ஆகவே ஆரூடம் பலித்துவிட்டதாம்! எப்படி நடந்தாலும் பொருத்திக் கொள்ளும்படியாக இரண்டு பக்கமும் இழுபடும் வார்த்தையைச் சொல்லி வைப்பதுதான் ஜோசியத்தின் முதல் பாடம். வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை தாய் வயிற்றில் பிறந்த பிள்ளையில்லையென்றால், இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலும் ராஜபாளையம் ஆஸ்பத்திரியிலும் அறுவை செய்து எடுக்கப்படும் பிள்ளைகளெல்லாம் யார் வயிற்றுப் பிள்ளைகள்?

இந்த ஆரூடம் மாக்பெத்துக்குச் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவனுடைய புத்தியை வேலை செய்யாமல் நிறுத்திற்று. பிரபுக்கள் ஒவ்வொருவராக ஓடுகிறார்கள், பட்டாளம் கலைகிறது, குடிகள் சபிக்கிறார்கள். இவனோ, காடு நடக்காது என்று கோட்டைக்குள்ளே தைரியமாக உட்கார்ந்திருக்கிறான். எதிரியின் பலத்தை எண்ணிப் பார்க்க வேண்டியவன் சூனியக்காரியின் வார்த்தையை எண்ணிக் கொண்டிருந்தால், தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

நிற்க. இந்தக் கதையைச் சொல்லுகிறவர்களில் இன்னொரு கூட்டத்தார், "அவன் நல்லவன்தான், பெண்சாதி பேச்சைக் கேட்டுக் கெட்டான்" என்பார்கள். எந்தக் கதையானாலும் கடைசியில் பழியை ஒரு பெண் தலையில் கொண்டுவந்து வைக்காவிட்டால் நமது பெரியவர்களுக்குச் சாப்பாடு செரிப்பதில்லை. அந்த அம்மாள் தூண்டினாள் என்பது மெய். ஆனால் அந்த எண்ணத்தை முதலில் வெளியிட்டவன் அவன்தான் என்று அவளே அவன் முகத்துக்கு நேரே சொல்லுகிறாள். பாங்க்கோவைக் கொல்லும் ஏற்பாட்டை அவன் அவளுக்குச் சொல்லவேயில்லை. மாக்டப்பின் குழந்தைகளைக் கொல்லும்படி அவள் சொன்னதாக நாடகத்தில் ஒரு எழுத்தும் கிடையாது. முதல் கொலைக்குப் பிறகு அவள் தூக்கமின்றிப் பைத்தியம் பிடித்துச் சாகிறாள். இவனோ கொலைமேல் கொலை செய்துகொண்டே போகிறான். இதில் யார் பேச்சைக் கேட்டு யார் கெட்டது?

இன்னுமொரு விஷயத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். பாங்க்கோவைக் கொல்ல மாக்பெத் இரண்டு ஏழைகளைக் கூப்பிட்டுப் பேசுகிறான். உலகத்தில் அடிபட்டு அடிபட்டு வாழ்க்கை வெறுத்தவர்கள் அவர்கள். "உங்கள் கஷ்டத்துக்கெல்லாம் காரணம் அந்தப் பாங்க்கோதான்" என்று சொல்லி அவர்களை ஏவுகிறான். அவர்கள் கஷ்டத்துக்குப் பாங்க்கோ காரணம் என்பதற்கு அவன் வார்த்தையைத் தவிர ஒரு ருஜுவும் நாடகத்தில் இல்லை. ஆனால் அவர்கள் நம்பிவிட்டார்கள். தோழர்களே, இதைவிட நமக்கு வேண்டிய பாடம் இந்த நாடகத்தில் வேறில்லை என்போம். பதவியில் இருப்பவன் தன் எதிரியைத் தொலைக்க விரும்பினால், பட்டினி கிடப்பவனைக் கூப்பிட்டு, "உன் பட்டினிக்கு அவன்தான் காரணம்" என்று காட்டிக்கொடுப்பான். பக்கத்துத் தெருக்காரனை, பக்கத்து ஜாதிக்காரனை, பக்கத்து மதத்துக்காரனை இப்படிக் காட்டிக் கொடுத்து மண்டையை உடைத்துக்கொள்ளச் செய்த ஆட்சிகள் எத்தனை! கூலிக்குக் குத்தினவன் பேர்கூட நாடகத்தில் கிடையாது. பட்டம் மாத்திரம் குத்தச் சொன்னவனுக்கு.

இனி, இந்த நாடகம் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். ஸ்காட்லாந்து அரசராயிருந்த ஜேம்ஸ் என்பவர் 1603-ல் இங்கிலாந்துக்கும் அரசரானார். ஷேக்ஸ்பியரின் நாடகக் கம்பெனிக்கு அவரே எஜமானர். அவருடைய வம்சத்தார் தாங்கள் பாங்க்கோவின் சந்ததி என்று சொல்லிக் கொண்டவர்கள். சூனியத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. 1590-ல் டென்மார்க் தேசத்திலிருந்து கப்பலில் வந்தபோது அடித்த புயலைச் சூனியக்காரிகள் ஏவியதாக நம்பி, பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து தண்டித்தார்கள். அவரே 1597-ல் பேய்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். இப்படிப்பட்ட அரசர் காலத்தில் எழுதின நாடகத்தில் சூனியக்காரிகள் வராமல் வேறு யார் வருவார்கள்? ஷேக்ஸ்பியர் ஆதாரமாக வைத்துக்கொண்ட ஹாலின்ஷெட் சரித்திரத்தில் பாங்க்கோ கொலைக்கு உடந்தை. நாடகத்திலோ அவன் உத்தமன். அரசருடைய பாட்டனாரைக் கொலைகாரனாகக் காட்டினால் நாடகம் மேடை ஏறுமா? உண்மையில் பாங்க்கோ என்று ஒருவன் இருந்ததற்கே சரித்திரத்தில் ஆதாரமில்லை.

சரித்திரத்து மாக்பெத் எப்படிப்பட்டவன்? அவன் டங்கனைக் கொன்றது படுக்கையிலல்ல, 1040-ல் நடந்த யுத்தத்தில். டங்கன் நரைத்த கிழவருமல்ல, இளவயதினர். மாக்பெத் 1057 வரையில் பதினேழு வருஷம் ஆண்டான். 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான் என்று அந்தக் காலத்தவர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அரசனே ஊரை விட்டு ரோமாபுரி வரையில் போய்த் திரும்பக் கூடுமானால், நாட்டில் அமைதி இருந்திருக்க வேண்டும். அவன் யோக்கியன் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து அரசர்களில் அவன் ஒருவன், அவ்வளவே. ஆனால் ஜெயித்தவர்களின் வம்சத்தார் பட்டத்தில் இருந்ததால் தோற்றவன் அரக்கனாக்கப்பட்டான். தோற்றவனுக்குக் கொம்பும் கோரைப் பல்லும் வைத்து எழுதுவது நம் நாட்டுப் புராணிகர்களுடைய தனிச் சொத்தல்ல என்று தெரிகிறதல்லவா?

அந்தச் சூனியப் புரளியில் ஸ்காட்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தச் சட்டம் 1736-ல்தான் எடுபட்டது. 2022 மார்ச்சு 8-ல் ஸ்காட்லாந்தின் முதல் மந்திரி, அரசாங்கத்தின் சார்பில் அந்தப் பெண்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மேடையில் நாம் பார்த்துச் சிரிக்கும் அந்த மூன்று கிழவிகளுக்குப் பின்னால் இவ்வளவு பிணங்கள் கிடக்கின்றன.

"அதெல்லாம் சீமைக் கதை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். நமது பாண்டி நாட்டுக் கதையைப் பார்ப்போம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்ட மாறவர்மன் குலசேகர பாண்டியனை அவன் மகன் சுந்தர பாண்டியனே 1310-ல் கொன்றான் என்று வஸ்ஸாபு என்னும் பாரசீகச் சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். தன்னை விட்டுவிட்டுத் தம்பி வீரபாண்டியனுக்குப் பட்டம் போகிறது என்பதுதான் காரணம். பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை. அடுத்த வருஷமே, 1311-ல், டில்லியிலிருந்து மாலிக் காபூர் பட்டாளத்தோடு மதுரைக்கு வந்து கொள்ளையிட்டுப் போனான். இதற்கு எந்தச் சூனியக்காரியும் தேவைப்படவில்லை. ஒருவன் செத்தாலொழிய மற்றவன் பட்டத்துக்கு வர முடியாது என்ற ஏற்பாடு இருக்கும் வரையில், மகன் கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பான்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். மருதநாயகம் என்றும் கான்சாகிப் என்றும் ஜனங்கள் சொல்லும் யூசுப்கான், இராமநாதபுரம் சீமை பனையூரில் சாதாரணக் குடியில் பிறந்தவன் என்று சொல்லப்படுகிறது. கும்பினிப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, தன் திறமையினாலேயே சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியானான். ஸ்ரீவில்லிபுத்தூர் முதல் நெற்கட்டுஞ்செவல் வரையில் மலையடிவாரத்துக் கோட்டைகளெல்லாம் நவாபு கட்சிக்கும் பாளையக்காரர் கட்சிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ராஜபாளையத்துக்குத் தெற்கே சாலையில் இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வாசுதேவநல்லூரில், பூலித்தேவனுடைய ஆட்கள் மண்கோட்டையை வைத்துக்கொண்டு பீரங்கியை எதிர்த்தார்கள். அந்தக் கோட்டைகளை 1761-ல் பிடித்துப் பூலித்தேவனை வீழ்த்தியவன் யூசுப்கான்தான். கும்பினிக்காக நம்மவரை நம்மவரே அடித்த கதை அது.

பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டான். நிர்வாகம் நன்றாயிருந்தது என்று பிற்காலத்தில் கும்பினித் தளபதிகளே புகழ்ந்து எழுதினார்கள். அவன் கை ஓங்குவதைக் கண்டு ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்குப் பொறாமை. குத்தகைக்காரனாக வந்தவன் தானே அரசனாக நினைத்தான். நவாபு ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் இழுத்தபோது, கும்பினியார் தங்களுக்கு உழைத்தவனைக் கைவிட்டு நவாபுவின் பக்கம் சேர்ந்தார்கள். 1763-ல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். பல மாதம் அவர்களால் ஆகவில்லை. கடைசியில் 1764 அக்டோபர் 13-ல் அவனுடைய திவான் சீனிவாசராவும், பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும், உடன் இருந்த பாபா சாகிபும் சேர்ந்து அவனைக் கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். 15-ந் தேதி தூக்கிலிடப்பட்டான். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவன் சமாதி இருக்கிறது.

ஜனங்கள் அவனைப் பற்றிச் சொல்லும் கதை என்ன? தூக்குக் கயிறு அறுந்து போயிற்றாம், அவன் உடம்புக்குள் தாயத்து இருந்ததாம், அதை எடுத்த பிறகுதான் உயிர் போயிற்றாம். மாக்பெத்தின் மந்திர உயிருக்கும் இந்தத் தாயத்துக்கும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்! தாயத்து அவ்வளவு சக்தியுள்ளதாயிருந்தால், கூட இருந்து சாப்பிட்ட மூன்று பேர் அவனைக் கட்டும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது? அவன் வீழ்ந்ததற்குக் காரணம் கிரகமல்ல. பிறருடைய துப்பாக்கியைக் கொண்டு உயர்ந்தவன், அந்தத் துப்பாக்கி திரும்பும் நாளில் வீழ்ந்தே தீரவேண்டும். தன் ஜனங்களை எதிரிகளாக அடித்து நொறுக்கிய பிறகு, ஆபத்துக் காலத்தில் அவனுக்குத் துணை நிற்க யார் மிச்சமிருந்தார்கள்? அவன் பிடித்த பாளையக்காரர்கள் ஒன்றுகூடி அவனைக் காப்பாற்றவா வருவார்கள்?

யூசுப்கானுடைய வீரத்தைப் பற்றியும் அவனுக்குச் செய்யப்பட்ட துரோகத்தைப் பற்றியும் பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது. ஆனால் இந்த நவாபுக்கும் கும்பினிக்கும் தளபதிக்கும் பாளையக்காரனுக்கும் மாறி மாறிக் கிஸ்தி கட்டிக் கட்டி அழிந்த குடியானவனைப் பற்றி என்ன பாட்டு இருக்கிறது? முற்றுகையின்போது எத்தனை கிராமத்து மாடுகள் பட்டாள வண்டிக்குப் பிடிக்கப்பட்டன, எத்தனை பேர் வயலில் பயிர் அழிந்தது என்று யார் எழுதி வைத்தார்கள்? அரசன் வீழ்ந்தால் அதற்குப் பேர் சோக நாடகம். குடிகள் வீழ்ந்தால் அதற்குப் பேரே கிடையாது!

நிற்க. அரசன் வீழ்ச்சிக்கு இரத்தம்தான் விலை என்பது உலக நியதியா? இல்லையென்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமே சாட்சி இருக்கிறது. ராஜபாளையத்துத் தோழர் பூ. ச. குமாரசாமி ராஜா அவர்கள் 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரையில் சென்னை மாகாணத்து முதல் மந்திரியாக இருந்தார். அன்றைய சென்னை மாகாணம் என்பது ஒரிசா எல்லை முதல் கன்னடச் சீமை, மலையாளச் சீமையையும் சேர்த்துக் கொண்டது. யூசுப்கானும் குலசேகர பாண்டியனும் கனவிலும் காணாத பரப்பு அது. 1952-ல் வயது வந்தோர் யாவருக்கும் ஓட்டுக் கொடுத்து முதல் பொதுத்தேர்தல் நடந்தது. சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்கு 152 தான் கிடைத்தது. முதல் மந்திரியே தமது சொந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார்.

பிறகு என்ன நடந்தது? கோட்டைக் கதவு சாத்தப்பட்டதா? ஜெயித்தவர் வீட்டுப் பெண்டு பிள்ளைகளை யாராவது வெட்டினார்களா? தோற்றவரைத் திவான்மார் கட்டிக்கொடுத்தார்களா? ஒன்றுமில்லை. அவர் பதவியை விட்டு இறங்கினார். 1954-ல் ஒரிசாவுக்குக் கவர்னராகப் போனார். தமது வீட்டையே ராஜபாளையத்துக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். தோற்ற அரசனுடைய வீடு கலைக்கூடமாவது பழைய நாடகம் எதிலாவது உண்டா? 1967-ல் அதே சீமையில், விருதுநகரில், இந்தியா முழுவதும் பேர் பெற்ற தோழர் காமராஜர் அவர்கள் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அவரும் தூக்குமேடை ஏறவில்லை, மக்கள் மத்தியிலேதான் இருந்தார். 1975-ல் நெருக்கடி நிலை என்று சொல்லி எதிரிகளையெல்லாம் ஜெயிலில் போட்டு ஆண்ட இந்திரா காந்தி அம்மையாரையும் 1977-ல் ஜனங்கள் ஓட்டினாலேயே இறக்கினார்கள். 1980-ல் அதே ஓட்டினால் திரும்பவும் ஏற்றினார்கள்.

இவர்கள் எல்லோரையும் மாக்பெத்தோடு ஒப்பிடுவதாக யாரும் தப்பர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். நாம் ஒப்பிடுவது மனிதர்களையல்ல, ஏற்பாட்டை. மனிதனுடைய ஆசை அன்றும் இன்றும் ஒன்றே. அரசனை இறக்க வழியில்லாத நாட்டில் அந்த ஆசை கத்தியாகிறது. இறக்க வழியுள்ள நாட்டில் அது ஓட்டுக் கேட்டுக் கைகூப்பி வாசலில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிரகத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள்.

அப்படியிருந்தும் இன்றைக்கு நாம் காண்பதென்ன? தேர்தலுக்கு நிற்கிறவர்களில் வெகுபேர் நல்ல நேரம் பார்த்து, இராகு காலம் தள்ளி, மனுக் கொடுக்கிறார்கள். ஒரே தொகுதியில் பத்துப் பேர் ஒரே நல்ல நேரத்தில் மனுக் கொடுத்தால், ஜெயிக்கிறவன் ஒருவன்தானே? மற்ற ஒன்பது பேருடைய நல்ல நேரம் எங்கே போயிற்று? மந்திரியாகிறவர் ஜோசியன் சொன்னபடி நாற்காலியைத் திருப்பிப் போடுகிறார். நாற்காலியைத் திருப்புவது ஓட்டுப் போட்ட ஜனங்கள் என்பதை மறந்து, கிழக்கா வடக்கா என்று பார்க்கிறவனுக்கும், காடு நடக்குமா நடக்காதா என்று கோட்டையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அறிவில் என்ன வித்தியாசம்? இது அவர்களோடு போனால் நமக்குக் கவலையில்லை. "என் பதவி கிரகத்தால் வந்தது" என்று நம்புகிறவன் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் நம்பத் தொடங்கிவிடுவான். அதுதான் ஆபத்து.

அதே ஆபத்து ஜனங்கள் பக்கத்திலும் இருக்கிறது. ஆள்கிறவன் வீழ்ந்ததற்கு விதி காரணம் என்று சொல்லுகிற குடிமகன், அவன் ஆண்டதற்கும் விதிதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டவன் ரூபாய் நோட்டுக்கும் ஜாதிக்கும் ஓட்டைக் கொடுத்துவிட்டு, ஐந்து வருஷம் தலையில் கை வைத்துக்கொண்டு, "நம் தலையெழுத்து" என்று உட்கார்ந்திருப்பான். தலையில் எழுதினது ஒருவருமில்லை. ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்தினதும், இப்போது பொத்தானை அமுக்குவதும் அவன் விரலேதான்.

ஆதலால், நாடகம் பார்க்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாய்ப் பாருங்கள். மாக்பெத்தையும் பாருங்கள், கான்சாகிப் கதையையும் கேளுங்கள். ஆனால் அரசன் சாகும்போது கண்ணீர் விட்டுவிட்டு எழுந்து போய்விடாமல், அந்தக் கூலிக்குக் கொன்ற ஏழைகள் என்ன ஆனார்கள் என்றும், அந்தக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்றும், இந்தக் கதையை எந்த அரசனுக்காக எழுதினார்கள் என்றும், அந்த அரசனைக் கத்தியில்லாமல் இறக்க அந்த நாட்டில் வழி இருந்ததா என்றும் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். இந்தக் கேள்விகள் கொட்டகையில் பழகினால் வோட்டுச் சாவடியிலும் வரும். ராஜபாளையத்து மில் தொழிலாளியும், சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் தோழரும், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கமலைக் கிணற்றைப் பார்த்து வளர்ந்த விவசாயியும் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கிவிட்டால், எந்தச் சூனியக்காரியும் எவனுக்கும் பட்டம் சூட்ட முடியாது. அரசனை உயர்த்துவதும் மனிதன், வீழ்த்துவதும் மனிதன். அந்த மனிதன் நாம்தான் என்ற உணர்ச்சி வரவேண்டுமென்பதே நமது ஆசை.